வர்ணனையாளர் வாயைத் திறக்கிறார்

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

மே மாதக் கடைசியில் நம்ம ஊரில் அகில இந்தியக் கபடிப் போட்டி. ஹரியானா அணி வருகிறது, மும்பை அணி வருகிறது. யூடியூபில் நேரலை. தலைமை வர்ணனையாளர் யார்? ஞானதிரவியம். அதாவது நான்!

ஆராதனை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தால், கமிட்டிச் செயலாளர் இசக்கியப்பன் கேட்டருகே நிற்கிறார். "அண்ணாச்சி, மைக் உங்க கையிலதான்" என்றார். அங்கேயே ஒரு சத்தம் கொடுத்தேன். போதகர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். தேரிக்காட்டுச் செம்மணலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். வாரம் முழுக்க பஜாரில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைக்கைப் பிடித்தால்தான் நான் நானாக இருக்கிறேன்.

பஹ்ரைனில் இருக்கும் மகள் பியூலாவுக்கு உடனே போன் போட்டேன். "அப்பா, இங்க எல்லாரையும் பாக்க வைக்கேன்" என்று அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

வீட்டில் ஜெபக்கனி மட்டும், "ரொம்ப சந்தோசம். முதல்ல அந்தப் பல்லக் கொண்டு போய்க் காட்டுங்க" என்றாள். கீழ்வரிசை முன்பல் கொஞ்சம் ஆடுகிறது. ஐம்பத்து மூன்று வயதில் பல் ஆடாமல் என்ன செய்யும்?

மார்ச் 12, புதன்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. கடையில் பகல் முழுக்கத் தண்ணீர் குடித்தபடி இருக்கிறேன், வாய் மட்டும் காய்ந்தே கிடக்கிறது.

கழிவறையில் எறும்புப் படை. கட்டின மேஸ்திரி சிமெண்டை ஒழுங்காகப் பூசவில்லை. ஜெபா எறும்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்லா?" என்றாள். எறும்புக்கு மருந்து போடச் சொன்னால் எனக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறாள்! நான் சீனியைக் கையால் தொடுவதில்லை. மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி. உடன்குடிக் கருப்பட்டியால் யாருக்காவது வியாதி வந்திருக்கிறதா?

மார்ச் 16, ஞாயிறு

குலசை பக்கம் ஒரு சின்னப் போட்டி. மே மாதத்துக்கு ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று போனேன். என்னமாய் ஒரு ஆட்டம்! கடைசி ரெய்டில் ஒற்றை ஆளாக ஒரு பையன் நான்கு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன்.

ஒரு சின்ன வருத்தம். என்னோடு துணைக்குப் பேசுகிற பால்துரை தனக்கென்று ஒரு மைக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். இத்தனை நாளும் ஒரே மைக்கில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசியவர்கள் நாங்கள். இப்போது நாற்காலியையும் தள்ளிப் போட்டுக்கொள்கிறான். மின்வாரியத்தில் பதவி உயர்வு வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது போல.

மார்ச் 23, ஞாயிறு

பல் விழுந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவில்.

"பாடி வருகிறார், பாடி வருகிறார், சூப்பர்..." என்று கத்தும்போது நாக்கில் ஏதோ கல் தட்டுப்பட்டது. துப்பினேன். என் பல். கையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விடாமல் பேசினேன். ஆனால் 'சூப்பர்' என்றால் 'ஷூப்பர்' என்று வருகிறது, ஊடே விசில் வேறு அடிக்கிறது. முதலில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வலி இல்லை. ரத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

தாடை வீங்கிவிட்டது. கடை திறக்கவில்லை. ஜெபா ஆட்டோ பிடித்து, திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் பல் டாக்டர் ஹசீனாவிடம் கூட்டிப்போனாள். சின்ன வயதுதான் அந்த அம்மாவுக்கு. பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வியில் ஆரம்பித்தார்.

"சுகர் இருக்கா சார்?"

"இல்ல டாக்டர்."

"எப்பப் பார்த்தீங்க?"

"பாத்ததில்ல."

"பார்க்காமலே இல்லன்னு சொல்றீங்களே!"

விரலில் ஒரு குத்து. சின்ன மெஷின். 386 என்று காட்டியது. மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றேன். இன்னொரு விரலில் குத்தினார். 391.

வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஈறு கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. அவர் ஈறை அழுத்தினால் பல்லோரம் சீழ் வருகிறது.

"உங்க பல்லு சொத்தையே இல்ல சார். நல்ல பல்லு. அதைப் பிடிச்சிருக்கிற எலும்புதான் கரைஞ்சிருக்கு. சுகர் ஏறிக் கிடந்தா ஈறுல நோய் சுலபமாப் புகுந்துடும், புண்ணும் ஆறாது. ஈறு இப்படிப் புண்ணா இருந்தா சுகரும் இறங்காது. ஒண்ணு இன்னொண்ணை வளர்த்துவிடும். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்."

நான் கேட்டது ஒரே கேள்வி. "மே மாசம் நான் மைக்ல பேசணும். முடியுமா?"

"சுகரை இறக்கிட்டு வாங்க. மத்தது என் பொறுப்பு."

இன்றைக்கே சீழை வடித்துவிட்டார். மாத்திரை கொடுத்து, சுகர் டாக்டருக்குச் சீட்டும் எழுதினார். ஆடுகிற இரண்டு பல்லை, சர்க்கரை கொஞ்சமாவது இறங்கின பிறகுதான் எடுப்பாராம்.

ஆட்டோவில் வரும்போது ஜெபாவிடம், "உனக்கு அதிர்ச்சியா இல்லியா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாவுக்கு இப்பிடித்தான். ஒவ்வொரு பல்லா விழுந்தப்பயும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாவ. அப்புறம் கால எடுத்தாவ" என்றாள். முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாமனாருக்குக் கால் எடுத்தது எனக்குத் தெரியும். பல் விழுந்தது தெரியாது. நான் கேட்டதில்லை.

மார்ச் 26, புதன்

கருப்பட்டியில் இருப்பதும் சர்க்கரைதான் என்று சுகர் டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைய காப்பி கஷாயம் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

மாத்திரை, நடை, மாத்திரை, நடை. விடியற்காலையில் ஜெபாவோடு கடற்கரை வரை போகிறோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்ததே இல்லை. வழியில் அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். உலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள்!

ஹசீனா டாக்டர் ஈறுக்குள்ளே ஆழமாகச் சுத்தம் செய்தார். மரத்துப்போக ஊசி போட்டுக் கீழ்ப்பக்கம் முடிந்தது, அடுத்த வாரம் மேல்பக்கம். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கக் குட்டியாக ஒரு பிரஷ் கொடுத்திருக்கிறார். பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்குப் பேத்தி மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இசக்கியப்பன் கடைக்கு வந்தார். என் பல் விழுந்த வீடியோ வாட்ஸப்பில் ஊர் சுற்றுகிறதாம். "தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. மதுரையில ஒருத்தரைப் பேசி வச்சிருக்கோம். உங்களுக்குத் துணையாத்தான்" என்றார். செயின் ஓடும் ஸ்பிராக்கெட் பல்சக்கரத்தை எடுத்துத் துடைத்தபடி, "தாராளமா" என்றேன். மே பதினொன்றாம் தேதி கமிட்டி முன்னால் நான் பேசிக்காட்ட வேண்டுமாம். நான்! பேசிக்காட்ட வேண்டுமாம்!

அவர் போன பிறகு அந்த ஸ்பிராக்கெட்டைத்தான் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று ராத்திரி நடுவில் ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போக எழாமல் தூங்கினேன். கழிவறையில் எறும்பையும் காணோம்.

ஏப்ரல் 14, திங்கள்

இன்றைக்கு ஜெபா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரொம்ப நாளாக அடுக்களை வாசலில் நின்றுதான் என்னோடு பேசுவாள். வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன். வாயில் சீழோடு பேசியவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

பால்துரை மைக்கைத் தனியாக ஏன் வாங்கினான் என்பதும் புரிந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

சந்தோஷமான நாள். கோவிலில் பாட்டு, வீட்டில் ஆட்டுக்கறி. அண்ணன் வீட்டு மைனி கருப்பட்டிப் பாகில் உருட்டிய முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மூன்று. டைரியிடம் எதற்குப் பொய்.

வெறும் வயிற்றில் 231. இறங்கி வந்த எண் ஒரே நாளில் ஏறிவிட்டது. ஜெபா திட்டவில்லை. மிச்சமிருந்ததை டப்பாவோடு எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெறும் வயிற்றில் 148! ஹசீனா டாக்டர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். "ஈறு ரோஸ் கலருக்கு வந்துடுச்சு, ரத்தமும் வரல" என்று கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். என் ஈறை நானே ரசித்தேன்.

ஆடிய இரண்டையும் இன்றைக்கு எடுத்தார். வலிக்கவில்லை. எடுத்ததும் ஜெபாவைப் பார்த்தேன், அவள் கை என் செருப்பில்லாத கால் மேல் இருந்தது. எப்போது வந்து பிடித்தாள் என்று தெரியவில்லை.

புண் ஆறுகிறவரை போட்டுக்கொள்ள, கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று செய்யக் கொடுத்தாயிற்று.

மே 8, வியாழன்

பல் செட் வந்துவிட்டது! மூன்று பல், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. கண்ணாடியில் பார்த்தால் பியூலா கல்யாண ஆல்பத்தில் இருக்கிற ஆள் மாதிரி இருக்கிறேன்.

ஆனால் பேசினால் யாரோ வேற்றூர்க்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. நாக்கு எங்கே போவதென்று தெரியாமல் முட்டுகிறது. சத்தமாக வாசித்துப் பழகுங்கள், மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். அடுக்களையில் நின்று வர்ணனை கொடுத்துப் பழகினேன். "இதோ ஜெபக்கனி இடது மூலையிலிருந்து நகர்கிறார்! சாளை மீன் எண்ணெய்க்குள் இறங்குகிறது! புரட்டுவாரா? புரட்டிவிட்டார்! அருமையான புரட்டு!" ஜெபா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

மே 11, ஞாயிறு

கமிட்டி முன்னால் பேசினேன். ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசினேன். ஒரு எழுத்து பிசகவில்லை. முடித்ததும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவு: முதல் இரண்டு நாள் நானும் பால்துரையும். இறுதிப் போட்டிக்கு மதுரைக்காரர்.

பால்துரை எழுந்து, "அண்ணாச்சி பேசாத ஃபைனல்ல நானும் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். தலைக்கனம் என்று எழுதியிருந்தேனே, அந்த ஆள்தான்.

மே 23, வெள்ளி

எட்டுத் திசையிலிருந்தும் ஜனம்! கேலரி நிறைந்து பனைமரத்தின் மேலேயும் ஆள் இருக்கிறது. ஹரியானாக்காரர்கள் ஒவ்வொருவரும் கதவு மாதிரி இருக்கிறார்கள்.

என் வர்ணனை சரியாகத்தான் இருந்தது. சரியாக மட்டும்தான் இருந்தது. பல் செட் நழுவிவிடுமோ என்று வாயைப் பாதியே திறந்தேன். பியூலா போனில், "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கியபோதெல்லாம் நான் அவளிடம் பேசிய குரல் அது.

மே 24, சனி

அடடா! அடடா! எழுத்து கோணுகிறது, இருந்தாலும் எழுதுவேன்!

அரையிறுதி. நம்ம மாவட்ட அணியும் மும்பையும். ஆட்டம் முடியப்போகிறது, நாம் நான்கு புள்ளி பின்னால். நம்ம பையன் சேர்மத்துரை ரெய்டு போகிறான். எதிரே மூன்று பேர்தான். ஒருவனைத் தொட்டான், காலைப் பிடித்தார்கள், இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள், மூவரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குக் கையை நீட்டுகிறான்! எனக்குப் பல் செட் ஞாபகம் எங்கே இருக்கும்? வாய் முழுக்கத் திறந்து "தொட்டுட்டான்யா!" என்று ஒரு கத்து கத்தினேன். பல் செட் பறந்துவிட்டது. மைக்கில் மோதி மேசையில் விழுந்து உருண்டது. கேமரா நேராக என் மேல்.

எனக்கு மார்ச் மாதச் சிரிப்பு காதில் கேட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ தெரியாது. பல் செட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"மக்களே! மும்பையில மூணு பேரு அவுட்டு! என் வாயிலயும் மூணு பேரு அவுட்டு! சுகரைப் பாக்காம இருந்தேன், பல்லு போச்சு! நீங்க பாத்துக்கிடுங்க! ஆட்டம் தொடருது!"

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பனைமரத்தில் இருந்தவன் கீழே விழாதது ஆச்சரியம். பல் செட்டைப் பையில் போட்டுவிட்டுப் பொக்கை வாயோடு கடைசிவரை பேசினேன். 'சூப்பர்' விசிலடித்தது. அடிக்கட்டும்! விசிலடிக்கும்போதெல்லாம் கேலரியும் திருப்பி விசிலடித்தது. பால்துரை தன் மைக்கை அணைத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என்னருகே போட்டான். பழையபடி ஒரே மைக்கில் தலையோடு தலை மோதினோம்.

மூன்று பேருக்கு மூன்று புள்ளி, மொத்த அணியும் அவுட்டானதற்கு இரண்டு. அந்த ஒரு புள்ளியில் வென்றோம்.

முடிந்ததும் இசக்கியப்பன் ஓடிவந்தார். பக்கத்தில் அந்த மதுரைக்காரரும். "அண்ணாச்சி, நாளைக்கு நான் கேலரியில உக்காந்து உங்களக் கேக்கப் போறேன்" என்றார் மதுரைக்காரர். கையைப் பிடித்துக் குலுக்கினேன். விடாமல் குலுக்கினேன்.

மே 25, ஞாயிறு

இறுதிப் போட்டி. ஹரியானாவிடம் தோற்றோம். தோல்வியா அது? அந்த மலைகளைக் கடைசி ரெய்டு வரைக்கும் வியர்க்க வைத்தார்கள் நம்ம பிள்ளைகள்! நான் மொத்த ஆட்டமும் பேசினேன். ஜெபா முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சீனி இல்லாத மோர் குடிக்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பியூலா வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்தார்களாம். அழுதுவிட்டாள்.

ஒன்று உறுத்துகிறது. பால்துரை ஆட்டத்துக்கு நடுவே பலமுறை எழுந்து போனான். வாட்டர் பாட்டிலைக் கீழே வைக்கவே இல்லை. வெயில் தாழ்ந்த பிறகும்.

மே 26, திங்கள்

கடையைத் திறந்ததும் பால்துரை வந்தான். ஸ்கூட்டருக்குப் பிரேக் கேபிள் வேண்டும் என்றான். கொடுத்தேன். போகவில்லை. கேபிளைச் சுருட்டுகிறான், பிரிக்கிறான்.

"அண்ணாச்சி."

"சொல்லு."

"பல்லு தேய்க்கும்போது ஒரு மாசமா ரத்தம் வருது."

கல்லாவைச் சாத்தினேன்.

"தாகமும் இருக்கு. வீட்டுல சொல்லல. பயமா இருக்கு அண்ணாச்சி. கம்பத்துல ஏறிக் கரண்டு கம்பியத் தொடுதவன் நான். ஒரு ஊசிக்குப் பயந்துக்கிட்டு நிக்கேன்."

"நாளைக்குக் காலையில சாப்பிடாம வா. நான் கூட வாரேன்."

"உங்களுக்குக் கடை?"

"கடை இங்கதான் இருக்கும்."

மே 27, செவ்வாய்

விடிந்ததும் போனோம், ஆஸ்பத்திரியின் பரிசோதனை நிலையம் திறப்பதற்கு முன்பே. இரண்டு பேர் வயிறும் காலி. நானும் என்னுடையதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பிடாமல்தான் வந்திருந்தேன்.

அவனுக்கு ரத்தம் எடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே, ஹரியானாக்காரன் தோற்றான்.

பிறகு பெஞ்சில் காத்திருந்தோம். மாவட்டத்திலேயே அதிகம் சத்தம் போடுகிற இரண்டு பேர், வாயே திறக்காமல். எதிரே ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, "நீங்க கபடியில பேசுறவருதானே?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு 122. அவனுக்கு 118. தனக்கு வெற்றி என்று நினைத்துத் துள்ளினான். அங்கிருந்த டாக்டர் அவனை உட்காரவைத்து, "இது இன்னும் சர்க்கரை வியாதி இல்ல. ஆனா வாசல்ல நிக்கிறீங்க. நடந்து, சாப்பாட்டைக் குறைச்சா திரும்பிடலாம். ஈறைக் கண்டிப்பாக் காட்டுங்க" என்றார்.

"திரும்பிடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

"திரும்பிடலாம்."

வெளியே வந்தோம். படியிறங்கியதும் பால்துரை ரோட்டோரம் அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. குனிந்து அவன் காதருகே ஆரம்பித்தேன்.

"மூன்று பேர் சூழ்ந்துவிட்டார்கள்! காலைப் பிடித்துவிட்டார்கள்! ஆனால் மூச்சை விடவில்லை லைன்மேன் பால்துரை! எழுந்திருக்கிறார்! ரசிகப் பெருமக்களே, இதோ எழுந்திருக்கிறார்!"

எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனும் சேர்ந்து கத்தினான். காவலாளி கம்போடு ஓடிவந்து, "ஆஸ்பத்திரி வாசல்ல என்னய்யா சத்தம்?" என்று விரட்டினார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, வாய்விட்டுச் சிரித்தபடி ஹசீனா டாக்டரிடம் போனோம். பால்துரைக்கு முதல் டோக்கன்.